செம்மண் பிடித்த குழாய்

ரூபிகாவுக்கு எளிதில் அருவருப்பு வராது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பல் வைத்தியம் பார்ப்பவள். சீழ் கட்டிய பல்முரசு, வெற்றிலைக் காவி, வருடக்கணக்காகத் துலக்காத கடைவாய்ப் பல் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் குனிந்து பார்ப்பாள். பிறகு கையைக் கழுவிவிட்டு மத்தியானச் சோற்றை மீன்குழம்போடு ரசித்துச் சாப்பிடுவாள். அவளுக்கே வயிற்றைப் புரட்டிய நாள் ஒன்று வந்தது, தன் சொந்த ஜீப்பின் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது.

நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் மாடிவீடு வாங்கச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அவளோ தேயிலைத் தோட்டமொன்றில் ஓடிக் களைத்த பழைய டீசல் ஜீப்பை வாங்கி வந்து ஒழுங்கையில் நிறுத்தினாள். கிழமை முழுவதும் ஒரு சாண் வாய்களுக்குள் வேலை செய்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சேறும் ஆற்றுப் படுகையும் கரடுமுரடான காட்டுப் பாதையும் தேவைப்பட்டன. இப்படிப் பாதை தேடிப் போகிறவர்களின் கிளப் ஒன்றிலும் சேர்ந்தாள்.

கிளப்பை நடத்தியவன் கிஷாந்த். வாகன அலங்காரச் சாமான் கடை வைத்திருப்பவன், முப்பது வயதுக்காரன், நல்ல வாய்க்காரன். போன மாசி மாதம் ஒரு பெட்டியோடு அவளுடைய கிளினிக்குக்கு வந்தான். உள்ளே பளபளக்கும் உலோகக் குழாயும் தூசி ஒட்ட எண்ணெய் பூசிய சிவப்புத் துணியில் செய்த கூம்பு வடிவ பில்டரும் இருந்தன. எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியில் கொம்பனி வைத்த கறுப்புப் பெட்டியும் கடதாசி பில்டரும் இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், இழுவை கூடும் என்றான்.

“உங்கட ஜீப்பில போட்டுப் பாருங்கோ அக்கா. டொக்டர் ஒராள் சொன்னா சனம் நம்பும்.”

“போட்டுப் பாக்கிறன். ஆனா என்ர முறையிலதான் சோதிப்பன். வாறதை வந்தபடி சொல்லுவன்.”

“ஓம், ஓம். சொல்லுங்கோவன்” என்று சிரித்தான்.

கொட்டாஞ்சேனையில் பீற்றரின் கராஜில்தான் பூட்டினார்கள். பீற்றர் அவளுடைய ஜீப்பை வாங்கிய நாளிலிருந்து பார்த்துவரும் மெக்கானிக். வேலை முடிந்ததும் அவள் ஏறி அக்சிலேற்றரை மிதித்தாள். இதுவரை இருமிக்கொண்டிருந்த ஜீப் ஒரு பெரிய மிருகம்போல் காற்றை உறிஞ்சி உறுமியது. அவளையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

“ஐயோ, நல்லாத்தான் இருக்கு!”

கிஷாந்த் அதைக் கைபேசியில் பிடித்துக்கொண்டான். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

முதலில் இழுவையைப் பார்த்தாள். அவிசாவளை வீதியில் ஒரே ஏற்றத்தை, ஒரே கியரில், பழைய பெட்டியோடு பல தடவையும் சிவப்புக் கூம்போடு பல தடவையும் ஏறினாள். ஏறி முடிக்க எடுத்த நேரத்தில் வித்தியாசமே இல்லை. சத்தம் மட்டும் கூடியிருந்தது. சத்தம் கூடினால் வேகம் கூடியதுபோல் மனம் நம்பிவிடுகிறது என்பதை அன்று அவள் தன்னிடமே கண்டாள்.

அடுத்தது தூசி. கிளப் வண்ணாத்திவில்லுப் பக்கம் போகிற ஞாயிறில் பீற்றரையும் கூட்டிப்போனாள். மழை கண்டு நாளான செம்மண் பாதை அது. பில்டருக்குப் பின்னால், எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தைத் துடைத்துச் சுத்தமாக்கி, மெல்லிய படையாக கிறீஸ் பூசினாள். பில்டரைத் தாண்டி ஏதாவது தூசி வந்தால் அந்த கிறீஸில் ஒட்டிப் பிடிபட்டுவிடும். முதலில் கொம்பனிப் பெட்டியோடு, கிஷாந்தின் ஜீப் கிளப்பும் புழுதிக்குள் அதன் வாலைப் பிடித்தபடி ஓடினாள். பாதையின் முடிவில் கழற்றி, வெள்ளைத் துணியால் வழித்துப் பார்த்தாள். கிறீஸ் பூசிய நிறத்திலேயே இருந்தது.

பிறகு சிவப்புக் கூம்பைப் பூட்டிக்கொண்டு அதே பாதையில் அதே புழுதிக்குள் திரும்பி வந்தாள்.

பீற்றர் குழாயைக் கழற்றி நீட்டினார். “டொக்டர் மிஸ், நீங்களே பாருங்க. எனக்குச் சொல்ல வாய் வரல்ல.”

கைப்பையிலிருந்த சின்னப் பல் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். குழாயின் உட்சுவர் முழுக்கச் செம்பழுப்பாய், காய்ச்சல்காரனின் நாக்கில் மா பிடித்ததுபோல் ஒரு படை. வெள்ளைத் துணியால் வழித்து, விரலால் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்றது. இதைத்தான் அரை நாளாக எஞ்சின் விழுங்கியிருக்கிறது. அந்த உறுமலைக் கேட்டுச் சிரித்தது நினைவுக்கு வந்தது. பக்கத்துப் பற்றைச் செடிகளுக்குள் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

கிஷாந்த் குனிந்தும் பார்க்கவில்லை. “பில்டருக்கு எண்ணெய் போதாமப் போயிருக்கும் அக்கா.”

“நீர்தானே எண்ணெய் பூசித் தந்தனீர்?”

“அப்ப பழைய தூசியாயிருக்கும்.”

“இண்டைக்கு உமக்கு முன்னாலதானே துடைச்சனான், தம்பி.”

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்ச் சோற்றுப் பார்சலைப் பிரித்தான்.

சில நாள் கழித்து அவனுடைய கடையின் முகநூல் பக்கத்தில் வீடியோ வந்தது. ஜீப் உறுமுகிறது. ரூபிகா சிரிக்கிறாள். “ஐயோ, நல்லாத்தான் இருக்கு!” அதற்கு மேல் கொட்டை எழுத்தில்: பல் டொக்டர் நேரில் சோதித்தது. ஏற்றமும் இல்லை, கிறீஸும் இல்லை, துணியும் இல்லை. அவள் உடனே அழைத்தாள்.

“அந்த வீடியோவை அழியும்.”

“நீங்கள் சொன்னதைத்தானே அக்கா போட்டிருக்கிறன்? ஒரு சொல்லும் மாத்தேல்லையே.”

அது உண்மை. அழுக்குத் துணியின் படத்தைக் கிளப்பின் வட்ஸ்அப் குழுவில் போட்டாள். கூம்பை ஏற்கெனவே வாங்கிவிட்ட அரைவாசிப் பேர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். யாரோ ஒருவர் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினார்.

அடுத்த ஒன்றுகூடல் கடற்கரை வீதியில் நடந்தது. புறப்படும் நேரம் கிஷாந்தின் ஜீப் அசையவில்லை, பற்றரி இறங்கிவிட்டது. இன்னொரு பற்றரியோடு தொடுத்து ஸ்டார்ட் பண்ணும் வயர் வைத்திருந்தவள் ரூபிகா மட்டும்தான். கோபமாக இருந்தாலும் வயரை எடுத்துக்கொண்டு போனாள். அவன் சுற்றிவந்து தடுப்பதற்குள் பொனட்டைத் தூக்கிவிட்டாள்.

சிவப்புக் கூம்பு பார்வைக்கு எடுப்பாக நின்றது. ஆனால் அதன் குழாய் எஞ்சினுக்குப் போகவில்லை. பாதியில் மூடி போட்டு அடைத்து, ஒரு இரும்புத் துண்டில் கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் கொம்பனிப் பெட்டி, புத்தம் புதுக் கடதாசி பில்டரோடு தன் பாட்டுக்கு இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். “இது என்ன?”

கிஷாந்த் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். “கத்தாதேங்கோ அக்கா. என்ர எஞ்சின் இப்பதான் புதுசாச் செய்தது.”

“அப்ப மற்ற ஆக்களின்ர எஞ்சின்?”

“அவைக்கு வேண்டியது சத்தமும் சிவப்பும். நான் குடுக்கிறன். ஆரையும் கட்டாயப்படுத்தினனானே?”

அவன் வெட்கப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவன் முகத்தில் சின்ன எரிச்சல் மட்டும் இருந்தது. அவள் எல்லோரையும் கூப்பிட்டாள். வந்து பார்த்தார்கள். சிலர் கிஷாந்தைப் பார்த்தார்கள், சிலர் கடலைப் பார்த்தார்கள். முதல் ஆளாகக் கூம்பு வாங்கிப் பூட்டிய ரிப்கான்தான் வாயைத் திறந்தான்.

“அவர்ட வாகனம், அவர் ஆசப்பட்ட மாதிரி வெச்சீக்கிறார். ஒங்களுக்கு என்னத்துக்கு அக்கா இது? நல்ல பயணத்தக் கெடுத்துட்டீங்களே.”

இரண்டு மூன்று தலைகள் ஆமோதித்து அசைந்தன. ரூபிகா வயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றே அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

அதோடு விட்டுவிடத்தான் நினைத்தாள். நமசிவாயம் வராமல் இருந்திருந்தால் விட்டும் இருப்பாள். ஹெவ்லொக் டவுனில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் அவர், அவளிடம் நெடுநாளாகப் பல் காட்டுகிறவர். வவுனியாவில் உள்ள காணிக்குப் போய்வர டீசல் பிக்கப் வைத்திருந்தார். கதிரையில் சாய்ந்து வாயைத் திறப்பதற்கு முன் பெருமையாகச் சொன்னார்:

“பிள்ளை, உம்மட வீடியோவைப் பாத்தனான். நீர் சொன்னா நம்பலாம் எண்டு நானும் அந்தச் சாமானைப் போட்டிட்டன். மூண்டு தரம் காணிக்குப் போய்வந்திட்டன்.”

ரூபிகா முதலில் அவருடைய பல்லை அடைத்து முடித்தாள், அதை அரைகுறையாக விட முடியாது. கையுறையைக் கழற்றியதும் அடுத்த நோயாளிகளைப் பின்னேரம் வரச் சொல்லிவிட்டு, அவருடைய பிக்கப்பிலேயே ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். பீற்றர் குழாயைக் கழற்றினார். அதே செம்பழுப்பு. இங்கே கிறீஸ் பூசியிருக்கவில்லை. அப்படியிருந்தும் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து புழுதி படிந்து கிடந்தது. நமசிவாயம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “அப்ப நீர் ஏன் பிள்ளை சிரிச்சனீர்?” என்று கேட்டார்.

“சத்தம் பிடிச்சிருந்தது, அங்கிள்.”

பீற்றர் பழைய பெட்டியொன்றைத் தேடியெடுத்துப் பூட்டினார். எஞ்சினுக்குப் பெரிய சேதம் வரவில்லை, நேரத்தோடு கண்டது நல்லது என்றார். அங்கேயே, அந்தக் குழாயைக் கையில் பிடித்தபடி, ரூபிகா தன் கைபேசியைப் பீற்றரிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னாள். ஏற்றத்தையும் கிறீஸையும் சொன்னாள். கடைசியில், “முதல் வீடியோவில சிரிச்சது நான்தான். அப்ப நான் ஒண்டையும் சோதிக்கேல்லை. அதைப் பாத்து ஆரும் வாங்கியிருந்தால் தயவு செய்து கழட்டுங்கோ” என்றாள்.

பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். கீழே வந்த கருத்துகளில் பாதி, பொம்பிளைக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்றன. போட்டிக் கடைக்காரனிடம் காசு வாங்கிவிட்டாள் என்றான் ஒருவன். இவவுக்குக் கிஷாந்தின் மேல் பொறாமை என்று இரண்டு நாள் கழித்து நீளமாக, சொந்தப் பெயரிலேயே எழுதியிருந்தவன் ரிப்கான்.

அடுத்த கிழமை எண்ணெய் மாற்றப் போனபோது பீற்றர் சொன்னார்: “மிஸ், அந்த ரிப்கான் வந்திருந்தாரு. கூம்பக் கழட்டிட்டு பழைய பெட்டியப் போடச் சொன்னாரு. யாருக்கும் சொல்ல வேணாம்னாரு.”

“எப்ப?”

“உங்க வீடியோ வந்த மறுநாளே.”

அப்படியென்றால் கழற்றிவிட்டு, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அந்தப் பொறாமைக் கதையை எழுதியிருக்கிறான். கராஜின் கழிவு எண்ணெய் நாற்றம், பக்கத்துக் கடையில் பொரிக்கும் கருவாட்டு வாசம், வெயில் எல்லாம் சேர்ந்து அவளுக்குத் தலையைச் சுற்றியது. சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்தாள்.

“தேத்தண்ணி ஊத்தட்டா மிஸ்?”

“வேண்டாம் பீற்றர். ஒண்டும் இறங்காது.”

பிறகு எழும்பி, ரிப்கானின் எஞ்சின் எப்படியிருக்கிறது என்று கேட்டாள். தப்பிவிட்டது என்றார் பீற்றர். அவள் தலையாட்டிவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு, வாகன நெரிசலுக்குள் வெள்ளவத்தைப் பக்கம் திரும்பினாள். பின்னேர நோயாளிகள் காத்திருந்தார்கள்.