ஸ்பீக்கரில் சொன்ன பதில்

தூத்துக்குடியில் இறால் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் ஒரு அம்மா சூப்பர்வைசர். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், காதோரம் நரை. மேனேஜர் போனில் கூப்பிட்டால், இறால் உரிக்கும் பெண்கள் நடுவில் நின்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்.

ஏற்றுமதி விஷயமாக நான் போயிருந்த அன்றும் போன் வந்தது.

"இன்னைக்கே இன்னொரு லோடு முடிச்சிரணும்."

அவர் பெண்களின் ஐஸில் விறைத்த விரல்களைப் பார்த்தார். "முடியாது சார். நாளைக்கு மத்தியானம் தாரேன்."

"எல்லாரும் கேக்கவா இப்படிப் பேசுவீங்க?"

"அவங்க கைதான சார் செய்யுது. அவங்களும் கேக்கட்டும்."

"சரி, நாளைக்கு" என்றார் மேனேஜர்.

நேற்று என் மேலதிகாரி கூடுதல் வேலை கேட்டுக் கூப்பிட்டபோது, நானும் என் ஆட்கள் நடுவில் நின்று ஸ்பீக்கரில் போட்டேன். வாயில் வந்தது என்னவோ, "பாக்கேன் சார்" தான். போனை வைத்ததும் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.