கிட்ட வந்த கமரா

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மீன் கூடை தூக்கித்தான் தொடங்கினேன். இன்று குருநகர்க் கரையில் நிற்கும் படகுகளில் மூன்று என்னுடையவை. ஒருவரிடமும் கைநீட்டி வாங்கியதில்லை. கோயில் வளவில் கூத்துப் போட்டால் ராசா வேடம் எனக்குத்தான். மைக் இல்லாமலே என் பாட்டு கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆகவே, குறும்படம் எடுக்க வந்த பெண்பிள்ளை, கடலுக்குப் போன மகன் திரும்பாத தகப்பனாக நடிக்க என்னைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. வேறு யாரைக் கேட்பாள்?

முதலில் கமராவை நன்றாகத் தள்ளி வைத்தாள். நான் கரையில் நின்று, இரண்டு கையையும் விரித்து, "மகனே!" என்று கத்தினேன்.

"நல்லாயிருக்கு ஐயா."

பிறகு கமராவை என் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்தாள். நான் அதையே இன்னும் உரமாகச் செய்தேன். பிள்ளை உதட்டைக் கடித்தாள்.

"என்ன, குறைஞ்சு போச்சோ?"

"கூடிப்போச்சு ஐயா. வந்து பாருங்கோ."

சின்னத் திரையில் இரண்டையும் காட்டினாள். தூரத்தில் எடுத்ததில் பெரிய கடல். அதற்கு முன்னால் கைவிரித்த ஒரு சிறு மனிதன். எனக்கே பாவமாக இருந்தது. கிட்ட எடுத்ததில், புளித்த தேசிக்காயைக் கடித்தவன் போல ஒருவன் முகத்தைக் கோணிக்கொண்டு நின்றான்.

"சனம் சிரிக்கும் ஐயா. பொழுதும் சாயுது. சரிவராட்டி உங்கடை முதுகைத்தான் எடுக்கவேணும்."

முதுகையா! படத்தில் நடிக்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தவன் நான்.

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"ஒண்டும் செய்யாதேங்கோ. தூரத்திலை எடுத்தா சனம் கையைப் பாக்கும். கிட்ட எடுத்தா கண்ணைத்தான் பாக்கும். வாற படகுகளைப் பாருங்கோ. மகன்ரை படகு அதிலை இல்லை எண்டு மட்டும் நினையுங்கோ."

சும்மா நிற்பது எவ்வளவு கடினம் என்று கூத்தாடியவனுக்குத்தான் தெரியும். கைகள் தாமாக எழும்பின. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகத்தை எடுத்து முடித்தவள், கமராவை இறக்கி அந்தக் கையையும் தனியாக எடுத்தாள்.

படம் முடிந்ததும் கோயிலின் பங்கு மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். என் முகத்தை வைத்திருக்கிறாளா, வெட்டிவிட்டாளா என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடல் வந்தது. சின்னதாய் நான் வந்தேன். பிறகு சாரத்தைக் கசக்கும் கை மட்டும். மண்டபத்தில் இருமல்கூட நின்றுவிட்டது. அதன்பிறகே திரை முழுக்க என் முகம். என்ன கெட்டிக்காரி! ஒருவரையும் பிடித்து இழுக்காமல், தான் நினைத்த இடத்தையே அத்தனை சனத்தையும் பார்க்க வைத்துவிட்டாள்.

கூத்தில் எனக்கு மந்திரியாக வருபவன் பின்னாலிருந்து குனிந்தான். "டேய், நீ ஒண்டுமே செய்யேல்லையேடா. எனக்கேன் அழுகை வந்தது?"

"அதுக்குப் பேர்தான்ரா நடிப்பு. உனக்கு விளங்காது."

சனம் கேட்டதால் இன்னொரு தரம் போட்டார்கள். எழும்பிப் பார்த்தால், அந்தப் பிள்ளை வாசலோரம் நின்று, திரையை விட்டுச் சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். என் முகம் வந்த நேரம் ஒருவர்கூடக் கண்ணை எடுக்கவில்லை.