மனசுக்கு லீவு

மூட்டை தூக்குகிற தொழிலில் அநியாயங்களை வரிசை தவறாமல் நினைவில் வைத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதலாளி தன் வசதிக்கு வரிசை போட்டுவிடுவார். முதலில் மட்டாஞ்சேரிக் கிடங்கில் எங்கள் சாயா நேரத்தைக் குறைத்தார்கள். அடுத்து, ஓய்வு அறையில் சரக்கு அடுக்கிப் பூட்டினார்கள். மூன்றாவதாக, எங்கள் மனசையும் உடம்பையும் பிரித்தார்கள். இது அந்த மூன்றாவதைப் பற்றி. முதுகு பிடித்துக்கொண்ட தோழர்களுக்குப் புரியும்.

தோள் போதும்

சுக்கு மூட்டை அடுக்கு ஒன்று சாய்ந்து நின்றது. எங்கள் செட்டில் இருக்கும் தேனிக்காரன் செல்வம் மேனேஜரிடம் போய், இது விழும் என்றான். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யோசிக்க ஆபீஸ்ல ஆளுண்டு, செல்வம். உன்கிட்ட தோள் மட்டும் போதும்."

மனசு எங்கே போனது

மறுநாள் விழுந்தது, செல்வத்தின் இடுப்பிலேயே. நேற்று தோள் மட்டும் போதும் என்றவர் இன்று வேறொன்றைத் தேடினார். "உடம்பு இங்கே, மனசு தேனியிலே. கம்பெனி என்ன செய்யும்?"

ஸ்கேன்

செல்வம் கேட்டது ஒன்றுதான்: இடுப்பு தேறும்வரை எடை மேடையில் உட்கார்ந்து செய்யும் வேலை. அதற்குக் கம்பெனி டாக்டர் சம்மதிக்க வேண்டும். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தவனுக்குத் துணையாக நான் போனேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை, வலி மனசில்தான் என்றார் டாக்டர்.

மனசு வேறு, உடம்பு வேறு என்று ஒரு தத்துவம் இருப்பதைத் துண்டுப் பிரசுரங்களில் படித்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்தவருக்குச் சொந்தமாக ஒரு கிடங்கு இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். "எடையே இல்லாத மனசு இவன் காலை எப்படி இழுத்துப் பிடிக்குது, டாக்டர்?" என்று கேட்டேன். "சேட்டா, வெளியே ஆள் காத்திருக்கு" என்றார்.

செல்வம் மேசையைப் பிடித்து எழுந்தான். "அப்போ மனசுக்கு லீவு எழுதுங்க, டாக்டர். உடம்பையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

பெயர் கூப்பிடும் நேரம்

லீவு கிடைக்கவில்லை. காலையில் பெயர் கூப்பிடும்போது இல்லாதவனுக்கு வேலையும் இல்லை. அதனால் செல்வம் வந்தான்; நேராகப் போய் எடை மேடையில் உட்கார்ந்தான். மூட்டையைத் தூக்கு என்றார் மேனேஜர்.

"உடம்பு வந்திருக்கு சார். தூக்கச் சொல்ற மனசுக்குத்தான் நோயாம். உங்க டாக்டர் சொன்னது."

லாரிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். எங்களில் ஒருவரும் மூட்டையைத் தொடவில்லை. மேனேஜர் யூனியன்காரனான என்னை ஓரமாக அழைத்து, சரி, அவன் அங்கேயே இருக்கட்டும் என்று முணுமுணுத்தார். காதோடு சொன்ன வாக்கு மதியத்துக்குள் மாறுவதை நான் நிறையப் பார்த்தவன். "பேர் ஏட்டில் எழுதி, எல்லாருக்கும் கேட்கற மாதிரி வாசிங்க" என்றேன்.

நாளைக்கே மறுபடியும் பிரிப்பார்கள், எனக்குத் தெரியும், ஆனால் அன்று அத்தனை சாட்சிகளுக்கு முன்னால் மனசுக்கும் உடம்புக்கும் சேர்த்து ஒரே பெயரைத்தான் அவர் வாய்விட்டு வாசிக்க வேண்டியிருந்தது: "எடை மேடை, மா. செல்வம்."