சோதனைக்கு ஒரு முகம்

சகாயராஜ் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. விருத்தாசலம், மங்கலம்பேட்டை, ஸ்ரீமுஷ்ணம் என்று ஊர்ப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டு திரிகிறவன் வீட்டில் ஏன் ஒன்று இல்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை அவன் நிறுத்தி வெகுநாளாகிறது. செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் அவன் தெருவுக்கு இன்னும் டெலிபோன் லைன் வரவில்லை. லைன் இல்லாமல் பெட்டியை வாங்கி வைத்து என்ன செய்வது, பூ வைத்துக் கும்பிடுவதா?

ஒருகாலத்தில் அவன் எஸ்டேட்டில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சூளைக்குப் பொம்மை அடுக்கினவன். கம்பெனியை மூடினார்கள். கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தான், கற்றுக்கொண்டான், பிழைத்துக்கொண்டான். இப்போது ஒரு மொபெட், ஒரு சிடி பை. எல்லோரும் போனில் ஒரே மாதிரிதான் கூப்பிடுவார்கள்: "ரெண்டே நிமிஷ வேலைதாம்ப்பா, வந்துட்டுப் போயிடு." ஊரார் ஆளுக்கு இரண்டு நிமிஷமாக அவன் ஆயுசைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் புதிதாக விண்டோஸ் எக்ஸ்பி போடுவது என்பது பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும் வேலை. பழையதை அழிக்க வேண்டும், புதியதை ஏற்ற வேண்டும். நீலத் திரையில் ஒரு கோடு ஊர்ந்து நகரும். இன்னும் இத்தனை நிமிஷம் என்று அதுவே சொல்லும், அதை நம்பக் கூடாது. எழுந்து போகவும் முடியாது. நடுவில் எந்த ஊர், என்ன பேர் என்று ஏதாவது கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் தங்கள் கதையெல்லாம் சொல்வார்கள். சகாயராஜ் "உம்" கொட்டுவான். சாயங்காலத்துக்குள் முதுகு விட்டுப்போகும், உம் கொட்டிக் கொட்டித் தொண்டையும் வறண்டுவிடும்.

கேமரா வந்த பிறகு வேலை இன்னும் கூடியது. வளைகுடாவில் புருஷன் இருக்கும் வீடு, அமெரிக்காவில் பெண் இருக்கும் வீடு, எல்லோருக்கும் முகம் பார்க்க வேண்டும். கேமராவை மாட்டினால் போதாது, எடுக்கிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டும். சோதிக்க அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும். சகாயராஜுக்கு அந்த ஆள் உபகாரமேரி. அவன் மனைவி. குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

அவள் டூட்டியில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அவன் வேலையை ஒப்புக்கொள்வான். எல்லாம் ஏற்றி முடித்ததும் செல்லிலிருந்து ஒரு மிஸ்டு கால். ஹாஸ்டல் ஹாலில் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டருக்கு அவள் மாடியிலிருந்து இறங்கி ஓடி வருவாள்.

"கேக்குதா?"

"கேக்குது."

"தெரியுதா?"

"தெரியுது."

அவ்வளவுதான் பேச்சு. அவன் முதுகுக்குப் பின்னால் வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு நிற்பார்களே! எழுதி அனுப்பினாலும் வாய்விட்டுப் படிப்பார்கள். அதனால் இருவரும் சைகைக்கு வந்துவிட்டார்கள். அவன் காதுமடலைத் தொட்டால் குழந்தை நன்றாக இருக்கிறாள். அவள் கன்னத்தில் கை வைத்தால் நேரத்துக்குப் படுத்துத் தூங்கு. அதற்குள் யாராவது அவன் தோளைத் தொட்டு, "சரிப்பா, எங்க நம்பரப் போடு" என்பார்கள். ஒருமுறை மங்கலம்பேட்டையில் ஒரு அம்மா, "யாருப்பா அது, கம்பெனிக்காரங்களா?" என்று கேட்டாள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டான். விளக்கம் சொல்ல அலுப்பு. அதன்பிறகு கேட்ட எல்லோருக்கும் அதையே சொன்னான். இரண்டு வருஷமாக அவர்கள் குடித்தனம் ஊரார் வீட்டுக் கூடங்களில்தான் நடந்தது.

அந்த இரண்டு வருஷக் காண்ட்ராக்ட் டிசம்பரில் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இங்கே கட்டிய வீடு ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது. "நீயே பாத்து முடிவு பண்ணு மேரி" என்று போனில் சொன்னான். வந்துவிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தான், வரவில்லை. "ஞாயித்துக்கெழம சூப்பர்வைசரு கூப்ட்டுருக்காங்க. அன்னைக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். ஏழு வயது மகள் அருள்ஜோதி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அம்மா வந்து ஸ்டார் கட்டப்போகிறாள் என்று ஞானோபதேச வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி பூசை. ஊரில் ஒரு கடை கிடையாது. சகாயராஜுக்கும் படுத்துக்கிடக்கத்தான் ஆசை. ஆனாலும் தெற்கு வீதி நடேஷ் சார் வீட்டு வேலையை ஒப்புக்கொண்டான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். அமெரிக்காவில் இருக்கும் பெண் பிரியம்வதாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. விஜயதசமி காலையில் குழந்தையைக் கேமராவில் காட்டுவதாக ஏற்பாடு. அதற்குள் எக்ஸ்பி போட்டு, கேமரா மாட்ட வேண்டும். அன்றைக்கு நிச்சயம் ஒரு சோதனை உண்டு, மேரியின் முகம் உண்டு. அவனுக்கு அது போதும்.

கூடத்தில் கொலு. படிக்கட்டை ஒட்டிக் கம்ப்யூட்டர் மேசை. இரண்டாம் படியில் ஒரு பீங்கான் ஆட்டுக்காரன் கோணல் புருவத்தோடு நின்றான். அந்தப் புருவம் அவன் வேலை பார்த்த கம்பெனியுடையதுதான். அதைச் சொன்னால் அதற்கொரு கதை சொல்ல வேண்டும் என்று பேசாமல் உட்கார்ந்தான். கோடு ஊர்ந்தது. நடேஷ் சாரின் மனைவி ஜயா மாமி பேத்தியின் மூக்கைப் பற்றிச் சொன்னார். சுண்டல் வந்தது, காபி வந்தது, மறுபடியும் மூக்கு வந்தது.

மூன்றரை மணிக்கு எல்லாம் ஏறிவிட்டது. இன்டர்நெட் வந்தது. கேமராவும் எடுத்தது. சத்தம் மட்டும் இல்லை. கம்ப்யூட்டர் வாங்கும்போது கூடவே கொடுத்த சிடியைப் போட்டால்தான் அந்தப் பெட்டிக்கு வாய் திறக்கும்.

"மாமி, நேத்தே சொன்னனேங்க, அந்த சிடிய எடுத்து வைக்கச் சொல்லி."

"எடுத்து வெச்சாச்சேப்பா!" என்று மாமி பூசை மாடத்தைக் காட்டினார்.

பட்டுத்துணி விரித்துப் புத்தகங்களை அடுக்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே சிடி, மினுமினுப்பான பக்கம் மேலாக. அதில் மூன்று இடத்தில் சந்தனம், நடுவில் குங்குமம்.

"எழுத்து இருக்கற பக்கம் வெச்சா அழிஞ்சுடுமேன்னு இந்தப் பக்கம் வெச்சேன்" என்றார் மாமி. "நாளைக்குக் காலம்பற புனர்பூஜை ஆகட்டும், எடுத்துத் தரேன். இன்னிக்குத் தொடப்படாது."

"கம்ப்யூட்டரை மட்டும் தொடலாமா?" என்றார் நடேஷ் சார்.

"அது டிவி மாதிரி. சிடி படிப்பு." மாமியிடம் பதில் தயாராக இருந்தது.

சகாயராஜுக்குக் கோபம் வரவில்லை. அதற்குத் தெம்பு வேண்டும். காலையில் வந்து துடைத்துப் போட்டுக்கொள்ளலாம், குழந்தை வருவதற்குள் சத்தம் வந்துவிடும். அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் மேரிக்கு மத்தியான டூட்டி, கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வேன் வந்துவிடும். இன்றைக்கு விட்டால் முகம் பார்க்க இன்னொரு வீடு அமைய வேண்டும்.

"படம் வருதான்னு மட்டும் பாத்துடறேங்க" என்று மிஸ்டு கால் கொடுத்தான்.

படம் கட்டம் கட்டமாக வந்து சேர்ந்தது. உபகாரமேரி வெள்ளை யூனிபாரத்தில் இருந்தாள். கழுத்தில் அட்டை. உட்கார்ந்தவுடனே வேகமாகப் பேசத் தொடங்கினாள். வாய் மட்டும் அசைந்தது. இப்படி அவள் மூச்சுவிடாமல் பேசி அவன் பார்த்ததில்லை. காதைக் காட்டிக் கையை விரித்தான். அவள் நிறுத்தினாள். அவன் தோளுக்கு மேலே தெரிந்த மாமியையும் சாரையும் பார்த்தாள். விசைப்பலகைப் பக்கம் போன கை திரும்பி வந்தது.

பிறகு அந்தக் கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி இரண்டு விரலைக் காட்டினாள்.

சிரிக்கவில்லை. விரலை இறக்கவும் இல்லை. படம்தான் அப்படியே நின்றுவிட்டதாக இருக்கக் கூடாதா என்று சகாயராஜ் ஒரு கணம் ஆசைப்பட்டான். அவள் கண் சிமிட்டியது. படம் நிற்கவில்லை.

"என்னப்பா ரெண்டு விரலைக் காட்டறா?" என்றார் மாமி. "நாங்க ரெண்டு பேரும் தெரியறோம்ங்கறாளா?"

"ஆமாங்க மாமி. ரெண்டு பேரும் நல்லாத் தெரியறீங்களாம்."

சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அதற்காகத்தான் காத்திருந்தவள்போல மேரி விரலை மடக்கினாள். காதுமடலைத் தொட்டுக் காட்ட அவன் கையைத் தூக்குவதற்குள் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், பக்கவாட்டில் திரும்பினாள். கன்னத்தில் ஒருமுறை கை வைத்தாள், எழுந்து போய்விட்டாள். திரையில் ஒரு நாற்காலியும் வெள்ளைச் சுவரும் மிச்சம் இருந்தன. அவன் அதை அணைக்கவில்லை. கிறிஸ்துமஸ் ஸ்டாரைப் பற்றி அருள்ஜோதியிடம் என்ன சொல்வது என்று யோசித்தான்.

"லட்சணமான முகம்" என்றார் மாமி. "யாருப்பா, உங்க கம்பெனிப் பொண்ணா?"

ஆமாங்க என்று சொல்லத்தான் இருந்தான். அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லக்கூட அவனுக்கு அலுப்பாக இருந்தது.

"என் வூட்டுக்காரங்க மாமி. குவைத்துல இருக்காங்க."

மாமி பூசை மாடத்தின் பக்கம் போனார். நடேஷ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சகாயராஜ் பையில் சிடிக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாமி திரும்பி வந்தார். கையில் அந்த சிடி. புடவைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இந்தாப்பா. ஸரஸ்வதி ஒண்ணும் கோச்சுக்க மாட்டா. சத்தத்தை வரவெச்சு, அவளோட ஒரு வார்த்தை பேசு. நாங்க உள்ள போறோம்."

சகாயராஜ் திரையைப் பார்த்தான். நாற்காலி காலியாகவே இருந்தது.

"நாளைக்கே போட்டுக்கலாங்க மாமி" என்றான். "பேச வேண்டியதெல்லாம் பேசியாச்சி."