சாம்பல் கலந்த சாமை

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வசூலுக்குப் போயிருக்கிறேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. போன இடத்தில் பாக்கி முழுவதும் வந்துவிட்டது. அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் அப்பாவுக்கு மொத்த வியாபாரம். உப்பு, மிளகாய், பருப்பு. சங்கராபுரம் பக்கத்திலும் கல்வராயன் மலையிலும் இருந்த சின்னக் கடைக்காரர்கள் எங்களிடம் கடனுக்குச் சரக்கெடுத்து, விற்றபின் பணம் தருவார்கள். தராதவர்களிடம் அப்பா வசூலுக்குப் போகும் விதமே தனி. கடைக்கு வந்த ஆட்களோடு ஓர் ஆளாக நின்று ஒரு வத்திப்பெட்டி கேட்பார். காசு கொடுத்துத்தான் வாங்குவார். கடைக்காரர் தம்மால் முடிந்த பணத்தை வத்திப்பெட்டியோடு சேர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். இன்னார் இன்னாருக்குக் கடன்பட்டவர் என்று பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. ஊர் எல்லையைத் தாண்டும்வரை அப்பா பொட்டலத்தைப் பிரிக்க மாட்டார். வெறும் வத்திப்பெட்டி மட்டும் இருக்கும் நாட்களும் உண்டு. அன்றைக்கு வசூல் இல்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வத்திப்பெட்டிக்கு வந்ததில்லை.

நாடு விடுதலையாகிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு சித்திரையில் மூட்டை சரிந்து விழுந்து அப்பாவின் கால் முறிந்தது. அதே வாரம், எங்களுக்குப் பருப்பு அனுப்பும் விருதுநகர் வியாபாரி ஆள் விட்டிருந்தார். வைகாசி அமாவாசைக்குள் பழைய பாக்கி வராவிட்டால் இனிச் சரக்கு இல்லை. சரக்கு இல்லையென்றால் கடை இல்லை. அது எனக்கே புரிந்தது. அம்மா தன் தம்பியை வசூலுக்கு அனுப்பினாள். மாமாவுக்கு எழுத்து வராது. பாக்கிச் சீட்டுகளைப் படிக்க நானும் கூடப் போனேன்.

கச்சிராயபாளையம் போகிற பேருந்தில் மாமா என் காதோடு சொன்னார்: “உங்கப்பாவுக்குக் கூச்சம் ஜாஸ்திடா. துட்டு கேட்டுக்கினு வாய்யான்னா வத்திப்பெட்டி வாங்கியாறாரு.” நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

அடிவாரத்திலிருந்து நடந்தோம். இருப்பதிலேயே பெரிய பாக்கி மலைக்கடைக்குத்தான். இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். கடையை நடத்தியவர் ஒரு பெண். அப்பா அவரைத் தங்கச்சி என்பார், அதனால் எனக்கு அத்தை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். பேச்சில் அப்படிக் கேலி செய்த மாமா, அங்கே போனதும் அப்பாவைப் போலவே ஒதுங்கி நின்று ஒரு வத்திப்பெட்டி கேட்டார். அத்தை மடித்துக் கொடுத்தார். தொட்டுப் பார்த்ததும் மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே வேறொன்றும் இல்லை.

“வாடா போலாம்” என்றார்.

நான் நகரவில்லை. அப்பாவின் முறை எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில், பெயர், சரக்கு, நிலுவை எல்லாவற்றையும் வரி விடாமல் உரக்கப் படித்தேன்.

நின்றவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அத்தை தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “நல்லாப் படிக்கிற சாமி” என்றார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: “எங்களுக்குக் குடுத்துட்டுத்தானே நீ கடனாளியா நிக்கிற? ஒரு வார்த்த சொல்லலியேம்மா.”

முந்தைய பருவத்தில் மழை பொய்த்திருந்தது. அந்த ஊரே அவரிடம் கடன் வைத்திருந்தது. அவர் யாரையும் கேட்கவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் பார்த்தது, ஆட்கள் கலைந்து போனதும், சற்று நேரத்தில் கூடை கூடையாகத் திரும்பி வந்ததும்தான். கடுக்காய் வந்தது, தேன் வந்தது, சாமை மூட்டை மூட்டையாக வந்தது. சாமையைத் தொடாதீர்கள் என்று அத்தை அவர்களிடம் தணிந்த குரலில் திரும்பத் திரும்பச் சொன்னார். கொடுக்காமல் தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மாமா அளந்தார். சாமையில் சாம்பல் கலந்திருந்தது. அழுக்குத் தானியத்துக்கு முழு அளவு போடக் கூடாது, மூட்டைக்கு மூன்று படி கழிக்க வேண்டும் என்றேன். யாரும் மறுக்கவில்லை. கழித்தார்கள். அந்த ஊர் இளைஞர்களே மூட்டைகளை அடிவாரம்வரை சுமந்து வந்து, மாமா வாடகைக்குப் பிடித்த வண்டியில் ஏற்றினார்கள்.

வீட்டுக்கு வந்து, கட்டிலில் கிடந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று படி கழித்ததைத் தனியாக எடுத்துச் சொன்னேன். அவர் ஒரு கைப்பிடி சாமை கொண்டுவரச் சொன்னார். உள்ளங்கையில் தேய்த்தார். கை சாம்பல் பூத்தது.

“சாம்பல் இன்னாத்துக்குப் போடுவாங்க தெரியுமா? பூச்சி அரிக்காம இருக்க. இது வெதைடா” என்றார்.

அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை. விதையாக இருந்தால் என்ன, விலை ஒன்றுதானே என்றுகூடக் கேட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடுக்காயும் தேனும் விற்ற பணத்தோடு மற்றக் கடைகளில் வந்ததையும் சேர்த்து, மீதிக்குத் தவணை கேட்டு விருதுநகருக்கு ஒரு கடிதம். அப்பா சொல்ல நான்தான் எழுதினேன். பாதிச் சரக்கு வந்தது. கடை பிழைத்தது.

அதற்கு முன்பே அப்பா கட்டுப் போட்ட காலோடு மாட்டுவண்டியில் ஏறி, சாமை மூட்டைகளோடும் என்னோடும் அடிவாரத்துக்குப் போனார். ஆள் சொல்லி அனுப்பியதும் அத்தை நாலு இளைஞர்களோடு இறங்கி வந்தார்.

“தங்கச்சி, இத வூட்ல வச்சா எலி திங்குது. உங்கிட்டயே இருக்கட்டும். வெளைஞ்சதும் பாத்துக்கலாம்” என்றார் அப்பா.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். “எலி எம்மா உசரம் இருக்கும்ணே?”

இளைஞர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை. அங்கும் நான் கேட்கவில்லை.

அந்த வருடம் மழை பெய்தது. கார்த்திகையில் அத்தை கள்ளக்குறிச்சிக்கே வந்து, சாமை திரும்பிப் போனதால் நின்ற மீதிப் பாக்கி முழுவதையும் எண்ணி வைத்தார். உப்பும் மிளகாயும் வாங்கி, அதற்கும் ரொக்கம் கொடுத்தார். அதற்கப்புறம் எப்போது வந்தாலும் ரொக்கம்தான். எங்கள் வாடிக்கைக்காரர்களில் சிறந்தவர் அவரே என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் பணத்தை எண்ணும்போதெல்லாம் அப்பாவின் முகம் ஏன் சுருங்குகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் வருடம் மார்கழியில் ஒரு நாள் வந்தார். கால் மூட்டை மிளகாயும் பருப்பும் எடுத்தார். இடுப்பில் சுருக்குப்பை பணத்தோடு புடைத்திருந்ததை நான் பார்த்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“அண்ணே, எழுதிக்கோ. தை பொறந்ததும் தரேன்.”

அப்பா ஒரு நிமிடம் பேனாவைத் தேடினார். அது அவர் காதிலேயே இருந்தது. எழுதி முடித்ததும் மாமாவைக் கூப்பிட்டு, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் போண்டாவும் டீயும் வாங்கிவரச் சொன்னார். ஒருவர் கடன் சொன்னதற்குக் கொண்டாடும் வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன். பையில் பணத்தை வைத்துக்கொண்டே கடன் சொல்கிறார், இது தெரியாமல் அப்பா ஏமாறுகிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.