கடைசிப் பெட்டியில் மீசைக்காரன்

நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் பெரிய மனிதர்கள் எழுதினார்கள். திறந்த கதவு வழியாக முதலில் வெளியே போனவர்களில் ஒருவன் சித்தூர்ப் பக்கம் பாகாலா ஊர்த் தாட்சாயணியின் புருஷன் கோபிகிருஷ்ணன். குவைத்தில் சூப்பர்வைசர் வேலை என்று ஏஜெண்டு சொன்னானாம். மேற்பார்வை பார்க்க அங்கே ஆடுகள்தான் இருந்தன என்பது முதல் கடிதத்தில் தெரிந்தது. இரண்டாவது கடிதத்தில் வெயில் அதிகம் என்று எழுதினான். மூன்றாவதில் என்ன எழுதலாம் என்று ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது, அது வரவேயில்லை.

அதே கதவு வழியாக உள்ளே வந்தது சீனத்துப் பிளாஸ்டிக் ரயில். இஞ்சின் ஒன்று, பெட்டி மூன்று. சாவி கொடுத்தால் நாலு முழம் ஓடிவிட்டுப் படுத்துக்கொள்ளும். காணிப்பாக்கம் கோயில் பக்கம் கடை வைத்திருந்த வேதாச்சலம் மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டுவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். சாமி கும்பிட வந்த சனங்கள் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். ஜன்னலில் ஒரு தலைகூட இல்லாத ரயிலை இந்த ஜில்லாவில் யார் பார்த்திருக்கிறார்கள்? பண்டிகைக்கு மாட்டுக் கொம்பில் வர்ணம் அடிப்பதில் தாட்சாயணிக்குப் பேர் உண்டு என்று கேள்விப்பட்டு, ஒரு மூட்டையை அவள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான்.

"கொஞ்சம் ஆளுங்கள ஏத்திக் குடும்மா," என்றான்.

விளக்குமாற்றுக் குச்சியின் நுனியைப் பல்லால் நசுக்கினால் அதுதான் அவளுக்குத் தூரிகை. ஏற்றினாள் பாருங்கள் ஆட்களை. ஜன்னலுக்கு ஜன்னல் வெற்றிலை எச்சில் வழிந்தது. கம்பியில் பால் கேன் தொங்கியது. ஒருத்தி துண்டு போட்டுப் பிடித்த இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். இப்போதுதான் இது ரயில் என்று சனங்களுக்கு நம்பிக்கை வந்தது.

கடைசிப் பெட்டியில், கக்கூஸை ஒட்டிய ஜன்னலில் மட்டும் எல்லா ரயிலிலும் ஒரே ஆள். மூஞ்சி மிளகளவு, மீசை மூஞ்சியைவிட அகலம், தலையில் மஞ்சள் துண்டு. குவைத்துக்கு விமானம் ஏற, பம்பாய் வரைக்கும் டிக்கெட் இல்லாமல் கோபிகிருஷ்ணன் அந்த லட்சணத்தில்தான் போய்ச் சேர்ந்தான். அவனைத் தீட்டி முடிக்காமல் அவள் அடுத்த ரயிலைத் தொடமாட்டாள். முதல் வருஷம் அழுதுகொண்டே தீட்டினாள். பிறகு அழுகை நின்றது, ஆசை நிற்கவில்லை. என்றைக்காவது அவன் வாசலில் வந்து நின்றால் சண்டை பிடிக்காமல், சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தாள். மானங்கெட்ட மனசு, வேறு என்ன சொல்வது.

ரயில் நன்றாக விற்றது. மீசைக்காரன் ரயில் என்று கேட்டு வாங்கினார்கள். குவைத்தில் ஆடு மேய்த்தவன் சித்தூர் ஜில்லா முழுக்கப் பிரபலமாகிவிட்டான்; அவனுக்குத்தான் சேதி எட்டவில்லை.

எட்டியது, அவன் வந்து இறங்கிய அன்றைக்கு. கறுப்புக் கண்ணாடி, சக்கரம் வைத்த பெட்டி, பத்தடிக்கு முன்னாலேயே வரும் சென்ட் வாசனை. பிளாட்பாரத்தில் ஒரு குழந்தை தன் கையிலிருந்த ரயிலையும் அவன் மீசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, கக்கூஸ் மாமா," என்றது. வெளியே ஆட்டோக்காரன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"கடசிப் பொட்டில வந்தியாண்ணா?"

உச்சி வேளையில் வாசலில் நிழல் தட்டியது. தாட்சாயணி நிமிர்ந்தாள். தீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் துண்டு கோணிப்போனது. சந்தோஷமாக, சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"ஊரே சிரிக்குது. இன்னாமே பண்ணி வெச்சிக்கீறே? மொதல்ல அந்த மூஞ்ச அழி. போட்டே தீரணும்னா ஏசி கோச்சுல போடு."

நல்லா இருக்கிறாயா என்று ஒரு வார்த்தை. கண்ணாடியைக் கழற்றி ஒரு பார்வை. ஆறு வருஷத்துக்கு அவள் அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை. ரயில் பெட்டிக்கு அடிக்கும் செங்கல் நிறத்தில் குச்சியை முக்கி, அந்த ஜன்னல்மேல் ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"இன்னா பண்றே?"

"ஷட்டரை எறக்கிட்டேன்."

"அப்ப நானு?"

"உள்ளதான் கீறே. யாருக்கும் தெரியாது. ஆறு வருசமா இருந்த மாதிரியே."

காரியம் முடிந்தது என்று கோபிகிருஷ்ணனுக்குப் பரம திருப்தி. சோறு கேட்டான். போட்டாள். மூன்று தரம் வாங்கித் தின்றான். அவன் கை கழுவிவிட்டு வந்தபோது, சக்கரம் வைத்த பெட்டி வாசலுக்கு வெளியே நின்றது. தாட்சாயணி அடுத்த ரயிலைக் கையில் எடுத்திருந்தாள்.

"அஞ்சேகாலுக்கு ஒரு வண்டி கீது," என்றாள், தலை நிமிராமல். "இந்தத் தபாவாச்சும் டிக்கெட் வாங்கிக்கினு ஏறு."