பழஞ்சேலை வேலி

திருநெல்வேலி என்ற பேருக்கு அர்த்தம் சொல்லி நான் பயிரிடும் வயலுக்குச் சொந்தக்காரர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். நான் எட்டாவதோடு நின்றவன். பாபநாசம் மலையடியில் அவருடைய வயலைக் குத்தகைக்குப் பயிரிடுகிறேன்.

ஒருநாள் சாயங்காலம் வரப்பில் வந்து நின்றார். "புத்தகத்துக்குப் படம் எடுக்க நாளைக்கு விடியக்காலமே போட்டோக்காரர் வாராரு. இந்தச் சேலையெல்லாம் இன்னைக்கே அவுத்துரும். வயலா வே இது, துணிக்கடையா?"

கம்பு நட்டு வயலைச் சுற்றி நான் கட்டியிருந்த பழஞ்சேலைகளைத்தான் சொன்னார். காற்றில் ஆடினால் ஆள் நிற்கிறதென்று காட்டுப்பன்றி விலகிப்போகும். கதிர் பால்பிடித்திருந்த நேரம். போன மழைக்காலத்துப் பிசான சாகுபடியில் ஒரே ராத்திரியில் பாதி வயலை உழுது போட்டுவிட்டன. அதிலிருந்து எனக்கு அரைத் தூக்கம்தான். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒரு நாளைக்கு மூன்று தரம் பார்ப்பேன். "நீங்க சுத்துத சுத்தைப் பாத்தே பன்னி ஓடிரும்" என்பாள் வீட்டுக்காரி.

"ஒரு ராத்திரிதான வே" என்றார் வாத்தியார். "சாமிக்குப் படைக்கக் காயப்போட்ட நெல்லு மழையில நனையாம, வேலி போட்டமாதிரி சாமியே காப்பாத்துனாரு. அதுல வந்த பேருதான் திருநெல்வேலி. கொஞ்சம் நம்பும்."

வாயைத் திறந்தால் குத்தகை போய்விடலாம். இருந்தும் சொன்னேன்.

"சாமி மழைக்குப் போட்டாரு சார். பன்னிக்கு நான்தான் போடணும். நெல்லும் வேலியும் சேந்ததுதான பேரு? வேலிய அவுத்துப்போட்டுட்டு எந்தப் பேருக்குப் படம் எடுக்கப் போறீக?"

"எட்டாங்கிளாஸ் எனக்குப் பாடம் நடத்துதாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு முடிச்சையும் தொடவில்லை.

காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். வேலிக்கு வெளியே ஈரமண் பூராவும் குளம்புத் தடம். உள்ளே ஒன்றுகூட இல்லை. வாத்தியார் குனிந்து பார்த்தார். போட்டோக்காரரிடம், "அந்த ரோஸ் சேலை மட்டும் படத்துல விழாம எடும்" என்றார். அது விழாமல் எடுக்க அங்கே இடமே கிடையாது. அதோடு சேர்த்துத்தான் எடுத்தார்கள்.

அறுப்பு முடிந்துவிட்டது. அடுத்த சாகுபடிக்கு வயல் எனக்குத்தானா என்று அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. கவலை இல்லாமல் இருக்குமா? ஆனால் சேலைகளைத் துவைத்து மடித்துச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். அவிழ்க்கச் சொன்னால் அப்போதும் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.